‘வசதியற்ற காலம்’ என்னும் புனைவு

மலையகத் தொழிலாளரின் வருகையைப் பற்றி எழுதுவோர் சிலர், அவர்கள் வழியிலே மாண்டமைக்கு அக்காலத்தின் வசதியின்மையே காரணமெனக் கூறி அமைதி கொள்கின்றனர். காலத்தின்மீது பழிசுமத்தும் இவ்வாதத்தைப் பொய்ப்பிக்க ஒரேயொரு கப்பல் போதும்.

1860 டிசம்பரில், தேம்ஸ் நதிக்கரையில் ‘வாரியர்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் நீரில் இறக்கப்பட்டது. முந்திய ஆண்டு பிரான்சு மிதக்கவிட்ட கவசக் கப்பலுக்கு அது விடை. பிரெஞ்சுக் கப்பலின் உடல் மரம். வாரியரின் உடல் இரும்பு. பக்கங்களில் நாலரை அங்குல இரும்புக் கவசம்; அதன் பின்னே, இங்கிலாந்தில் விளையாத தேக்கு 18 அங்குலம். பாயும் நீராவியும் ஒருங்கே கொண்ட அது, நீராவியால் மட்டும் மணிக்கு 14 கடல் மைல் ஓடியது. பாய் விரித்தோடும்போது புகைபோக்கிகளைத் தாழ்த்தவும் சுழல்விசிறியை மேலே தூக்கவும் வழி செய்திருந்தனர். செலவு மூன்றரை இலட்சம் பவுணுக்கு மேல். எனினும் அது எப்போரிலும் குண்டு பொழிந்ததில்லை.

அதே பத்தாண்டில் மடுல்சீமையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதல் காணப்பட்டதே அங்கேதான். இத்தகைய மலைத்தோட்டங்களுக்கு உழைக்க வந்தோர் எவ்வாறு வந்தனர்? மிகப் பலர் தமிழகக் கரையிலிருந்து பாய்த்தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்தனர், அங்கிருந்து காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்தனர், பின்னர் மலையேறினர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகக் காத்திருந்தன. வழிச்செலவுகூட அவர்கள் பெயரிலேயே கடனாக எழுதப்பட்டது.

போர்க்கப்பலையும் கூலித்தோணியையும் ஒப்பிடலாமோ என வினவுவர். கோப்பி ஏறிச்சென்ற கடல்வழியைக் காத்தது அக்கடற்படையே அன்றோ? செல்வத்தைக் காப்பதற்கு ஒரு கணக்கு, அதனை விளைவித்தவனைக் கரைசேர்ப்பதற்கு வேறொரு கணக்கு என்பது எந்த நீதி? அறிவு இருந்தது; இரும்பு இருந்தது; பணமும் இருந்தது. இல்லாதிருந்தது தொழிலாளியின் உயிருக்கு மதிப்பு ஒன்றே.

துருவேறிக் கிடந்த வாரியர் 1979 முதல் செப்பனிடப்பட்டு, 1987 முதல் போர்ட்ஸ்மவுத்தில் காட்சிக்கு நிற்கிறது. அதனைப் பேணுவது குற்றமன்று. ஆனால், அத்தகைய கப்பலைக் கட்டிய ஓர் அரசின் ஆட்சியில் மனிதர் காட்டுவழியில் மடிந்ததற்கு ‘வசதியற்ற காலம்’ எனச் சமாதானம் கூறுவது வரலாறு ஆகாது. குற்றவாளிக்கு வழங்கும் மன்னிப்பாகும். அந்தத் தொடரை நம் நூல்களிலிருந்து நீக்குவதே மாண்டோருக்கு நாம் செலுத்தும் முதற்கடன்.