தூத்துக்குடித் தோணிக்கு மறுபடி பாய் கட்டலாமே!

மதுரைக்காரர்களுக்குக் கடல் ஒன்றும் தூரமில்லை. மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினால் மூன்று மணி நேரத்தில் தூத்துக்குடி. ஆனால், பாய் விரித்துக் காற்றில் போகும் கப்பலில் உல்லாசப் பயணம் போக ஆசைப்பட்டால், மத்தியதரைக் கடலுக்கோ கரீபியனுக்கோ விமானம் ஏற வேண்டியிருக்கிறது.

அங்கேயும் எல்லாப் பாய்மரக் கப்பலும் ஒன்றல்ல. 1986இல் வந்த ‘விண்ட் ஸ்டார்’ கப்பலில் பாய்களை விரிப்பதும் சுருட்டுவதும் கணினி. பயணி சாப்பாட்டு மேசையை விட்டு எழுவதற்குள் வேலை முடிந்துவிடும். 2000இல் வந்த ‘ராயல் கிளிப்பர்’ வேறு ரகம்: ஐந்து பாய்மரம், 42 பாய். விரும்பியவர்கள் இடுப்பில் பாதுகாப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு பாய்மரத்தில் ஏறிப் பார்க்கலாம். கப்பலின் முன்முனையான அணியத்துக்கு முன்னால் கட்டிய வலையில் படுத்தபடி, கப்பல் அலையைக் கிழித்துப் போவதைக் காணலாம். 1931இல் ஜெர்மனியின் கீல் நகரில் கட்டப்பட்ட ‘சீ கிளவுட்’டிலோ இன்றும் மாலுமிகள் மரமேறிக் கையாலேயே பாய்களை அவிழ்க்கிறார்கள்.

மூன்றிலும் இன்ஜின் உண்டு. காற்று படுத்துவிட்டால் அதுதான் கதி. சொகுசுக்கும் குறைவில்லை. ஆனாலும், கயிறு இழுப்பதையும் பாய் புடைப்பதையும் கண்ணெதிரே காண்பதுதான் இந்தப் பயணத்தின் ருசி. பொத்தான் அமுக்கும் கப்பலில் அது பாதிகூடக் கிடைக்காது.

அந்த ருசி நம் கரைக்குப் புதிதல்ல. கச்சான் காற்றையும் வாடைக் காற்றையும் கணக்குப் பார்த்துத்தான் தூத்துக்குடித் தண்டல்கள் (தோணித் தலைவர்கள்) கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டினார்கள். அக்கரையில், இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ கப்பல் பாய்மரத்தோடு அட்லாண்டிக்கைக் கடந்து, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைத் தொட்டது. ஓட்டிச் சென்றவர்கள் தமிழ் மாலுமிகள். இன்று தூத்துக்குடித் தோணிகள் இன்ஜின் பூட்டி மாலத்தீவுக்குச் சரக்கேற்றுகின்றன. பாய் ஓட்டத் தெரிந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது.

அந்தத் தோணிக்கு மறுபடி பாய் கட்டிப் பயணிகளை ஏற்றலாமே! கேரளத்தைப் பாருங்கள். லாரி வந்ததும் பிழைப்பிழந்த நெல் படகுகளான கெட்டுவள்ளங்களைப் படகு வீடுகளாக்கி, ஆலப்புழைக்கு உலகத்தையே வரவழைத்தார்கள். பிறகு டீசல் படகுகள் பெருகிக் காயலின் நீர் கெட்டதும் அங்கேதான். முதலாவது நமக்குப் பாடம், இரண்டாவது எச்சரிக்கை.

சரக்குத் தோணியில் ஐந்து நட்சத்திர அறை கட்ட வேண்டாம். கடல் அமைதியான மாதங்களில் அரைநாள் பயணம் போதும். உயிர்காப்பு அங்கியும் தகுதிச் சான்றும் கட்டாயமாகட்டும். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளை நெருங்காமல் பாதை வகுக்கட்டும். மீனாட்சியம்மனைத் தரிசித்துவிட்டு ராமேசுவரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் போகிறவர்கள் தூத்துக்குடியிலும் ஒருநாள் தங்குவார்கள். சுற்றுலாத் துறை முதலில் ஒரே ஒரு தோணிக்குப் பாய் கட்டிப் பார்க்கட்டும். அதில் வயதான தண்டல்களை ஆசிரியர்களாகச் சம்பளத்துக்கு அமர்த்தட்டும்.