கதை வேண்டாம், கணக்கைச் சொல்லு!

"எத்தனை பேர்கிட்ட பேசினீங்க?"

"முப்பது குடும்பம் சார்."

"வெறும் முப்பதா? இதெல்லாம் ஆராய்ச்சியே இல்லைங்க, கதை! போய் நம்பர் கொண்டு வாங்க."

நம்ம மருத்துவ உலகத்தில் இப்படி அடிக்கடி வாசலிலேயே விரட்டப்படுகிற ஓர் ஆராய்ச்சிக்காக இந்த வாரம் வக்காலத்து வாங்கப் போகிறேன்.

பேர் கொஞ்சம் பயமுறுத்தும். பண்புசார் ஆய்வு. விஷயம் என்னவோ எளிமைதான். தலசீமியா, ஹீமோபிலியா, வலிப்பு, டைப் 1 சர்க்கரை என்று வருஷக்கணக்கில், சிலருக்கு ஆயுசுக்கும், கூடவே வருகிற நோய்கள் இருக்கின்றன. அந்த நோயுள்ள குழந்தையின் வீட்டில் போய் உட்கார்ந்து, அம்மா, அப்பா, பாட்டி, முடிந்தால் அந்தக் குழந்தை என எல்லோரையும் பேசவிட்டுக் கேட்பது. 'ஆம் / இல்லை' கட்டமெல்லாம் கிடையாது. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, அவர்கள் பேசுகிற வரை. பேசியதை வார்த்தைக்கு வார்த்தை எழுதி, வரிவரியாகப் பிரித்துப் படிப்பது. ஒருவர் பிரித்ததை இன்னொருவர் சரிபார்ப்பது. எல்லோரும் ஒன்று சொல்ல, ஒரே ஒரு வீட்டில் மட்டும் வேறு மாதிரி சொன்னார்களே, ஏன் என்று துருவுவது. இனிமேல் புதுசாக எதுவும் வரவில்லை என்கிற வரை கேட்பது.

இதைத்தான் 'கதை' என்கிறார்கள்.

இந்த இளக்காரம் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. உலகப் புகழ்பெற்ற பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், இந்த மாதிரிக் கட்டுரைகளுக்கு முன்னுரிமை இல்லை என்று திருப்பி அனுப்பியது. சொன்ன காரணங்களில் ஒன்று, இவற்றைப் பிறர் அதிகம் மேற்கோள் காட்டுவதில்லையாம். 2016-ல் 11 நாடுகளைச் சேர்ந்த 76 பேராசிரியர்கள் சேர்ந்து அந்தப் பத்திரிகைக்குப் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. 'நல்ல படம்தான், ஆனா ஓடாது' என்று விநியோகஸ்தர் கைவிரிப்பாரே, அதே கதைதான். கோடம்பாக்கத்தில் சொன்னால் வியாபாரம், லண்டனில் சொன்னால் விஞ்ஞானம்!

சரி, கணக்குதானே வேண்டும்? நான் பி.காம். படித்தவன். கணக்காகவே பேசுவோம்.

டைப் 1 சர்க்கரை உள்ள ஒரு குழந்தை. அதன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது. மிட்டாய் தின்று வந்த வியாதி இல்லை, அம்மா கர்ப்பத்தில் அல்வா சாப்பிட்டு வந்ததும் இல்லை. தினம் நாலு ஊசி என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 1,460 ஊசி. நாலு வயதில் ஆரம்பித்தால் பதினெட்டு வயதுக்குள் 20,440.

மாதம் ஒருமுறை டாக்டரைப் பார்க்கிறார்கள். பத்து நிமிஷம் கொடுக்கிறார் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 2 மணி நேரம். வருஷத்தில் மொத்தம் 8,760 மணி நேரம். மீதி 8,758 மணி நேரம் அந்தக் குழந்தைக்கு டாக்டர் யார்? நர்ஸ் யார்? ராத்திரி இரண்டு மணிக்கு விரலைக் குத்தி சுகர் பார்க்கிற லேப் டெக்னீஷியன் யார்? வீட்டில் இருக்கிறவர்கள்தான். பெரும்பாலும் அம்மா.

ஃபைலில் இந்த 8,758 மணி நேரம் எங்கே இருக்கிறது? தேடிப் பாருங்கள். மூன்று மாதச் சராசரி சுகர் என்று ஒரே ஒரு நம்பர் இருக்கும். அது 10 என்று வந்தால் அம்மாவுக்குத் திட்டு. "ஏம்மா, ஒழுங்கா ஊசி போடறதில்லையா?"

அந்த அம்மா வேண்டுமென்றே ராத்திரி டோஸைக் குறைத்திருக்கலாம். தூக்கத்தில் சுகர் இறங்கி, பிள்ளை காலையில் எழுந்திருக்காமல் போய்விட்டால் என்கிற பயம். மத்தியான ஊசியைப் பள்ளிக்கூடத்தில் போட இடமில்லாமல், பசங்க பார்த்தால் கேலி செய்வார்களென்று, பெண் அதைப் போடாமலே விட்டிருக்கலாம். ஸ்ட்ரிப் வாங்கக் காசில்லாமல் சுகர் பார்ப்பதையே நிறுத்தியிருக்கலாம். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாமல் இன்சுலின் வெயிலில் கெட்டிருக்கலாம். நாலும் நாலு வேறு வியாதி சார்! ஒன்றுக்குப் பயம் போக்கணும், ஒன்றுக்கு ஹெட்மாஸ்டரிடம் பேசணும், ஒன்றுக்குப் பணம், ஒன்றுக்கு மண்பானை. நாலுக்கும் லேப் ரிப்போர்ட்டில் ஒரே விடை: 10.

நம்பர் பொய் சொல்லவில்லை. ஆனால் 'ஏன்' என்கிற கேள்விக்கு அதனால் பதில் சொல்ல முடியாது.

"அதுக்காக முப்பது பேரை வெச்சு முடிவு பண்ணலாமா?" என்பார்கள். ரோட்டில் பள்ளம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எத்தனை பேர் விழ வேண்டும்? ஒருத்தன் விழுந்தால் போதும். மொத்தம் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று பிறகு எண்ணுங்கள், அதுவும் வேண்டியதுதான். பள்ளமே கண்ணில் படாதவன் எதை எண்ணுவான்?

முப்பதுகூட வேண்டாம், ஒரே ஒரு குழந்தை என்ன செய்தது தெரியுமா? ஒரு காலத்தில் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைக்குச் சேர்த்த குழந்தையைப் பார்க்கப் பெற்றோரைச் சரியாக விடமாட்டார்கள். அம்மா வந்து போனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் சமர்த்தாக இருக்கிறது என்பது அவர்கள் வாதம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர், ஆபரேஷனுக்குச் சேர்ந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை எட்டு நாள் படம் பிடித்தார். அந்த 'சமர்த்து' என்பது குழந்தை உள்ளுக்குள் உடைந்து போவது என்று படம் காட்டியது. 1952-ல் திரையிட்டபோது டாக்டர்களுக்கு வந்ததே கோபம்! ஒரு குழந்தையை வைத்து எங்களைக் குற்றம் சொல்வதா என்று கொதித்தார்கள். ஆனால் 1959-ல் அந்த நாட்டு அரசு நியமித்த பிளாட் கமிட்டி, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், சின்னக் குழந்தைகளோடு அம்மாவும் தங்கலாம் என்று பரிந்துரைத்தது.

இன்னொன்று. அமெரிக்காவில் மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானுடவியலாளர், ரத்தப் புற்றுநோய் வந்த மூன்று முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளோடு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் இருந்து 1978-ல் புத்தகம் எழுதினார். அப்போது அது பெரும்பாலும் உயிரைக் குடிக்கிற நோய். சாகப்போவதைக் குழந்தைகளிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மருந்துகளின் பெயர் உள்பட எல்லாம் தெரியும். அப்பா அம்மா தாங்கமாட்டார்களே என்று தெரியாத மாதிரி நடித்தார்கள்! 'உங்கள் குழந்தைக்கு விவரம் தெரியுமா? ஆம் / இல்லை' என்று படிவம் கொடுத்திருந்தால், எத்தனை பெற்றோர் 'இல்லை'யில் டிக் அடித்திருப்பார்கள்?

நம்ம ஊருக்கு வருவோம். இன்சுலின் ஊசி முதன்முதலில் மனிதனுக்குப் போடப்பட்டது 1922 ஜனவரியில், டொரன்டோவில், 14 வயதுப் பையனுக்கு. டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைகள் பொதுத்தேர்வு அறைக்குள் தின்பண்டம் கொண்டுபோகலாம் என்று சி.பி.எஸ்.இ. அனுமதித்தது 2017-ல். பரீட்சை நடுவில் சுகர் இறங்கினால் ஒரு பிஸ்கட், ஒரு பழம் வேண்டும். பெரிய விஞ்ஞானமா இது? ஊசிக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் 95 வருஷம்! இந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பில் சுகர் பார்க்கவும் ஊசி போடவும் வசதி செய்யுங்கள் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது 2023-ல்.

ஏன் இவ்வளவு லேட்? லேப் ரிப்போர்ட்டில் பரீட்சை ஹால் தெரியாது. அம்மாவிடம் கேட்டிருந்தால் முதல் அரைமணி நேரத்திலேயே சொல்லியிருப்பார்.

பி.காம்.காரன் கண்ணில் இன்னொன்றும் உறுத்துகிறது. இந்தக் குடும்பங்களின் பேரேட்டில் மருந்துச் செலவு மட்டும்தான் பற்று எழுதப்படுகிறது. அம்மா விட்ட வேலை எந்தப் பக்கம்? தம்பிக்காக டியூஷனை விட்டுக்கொடுத்த அக்காவின் மார்க் எந்தப் பக்கம்? "எங்க வம்சத்துல இல்லையே, உன் வழியிலதான்" என்று மாமியார் சொன்ன ஒரு சொல்லுக்கு என்ன விலை போடுவீர்கள்? பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவேண்டுமே என்று நோயையே ஊருக்கு மறைத்தார்களே, அந்தப் பயத்துக்கு? பதிவே இல்லாத செலவை எந்த ஆடிட்டரும் கண்டுபிடிக்க முடியாது. பட்ஜெட்டிலும் அதற்குப் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

இப்படிச் சொன்னதும் யாராவது கிளம்பிவிடுவார்கள். ஓ.பி. வராந்தாவில், கணவரையும் மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டு போட்டவரே, இங்கிலீஷில் அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "ஏதாவது கஷ்டம் இருக்காம்மா?" என்று கேட்பார். "எல்லாம் நல்லா இருக்குங்க." வேறென்ன சொல்வார்? அடுத்த மாத இன்சுலினும் அதே கையிலிருந்துதானே வரவேண்டும்! அதை எழுதிவைத்து, தீசிஸாக்கி, பட்டம் வாங்கி அலமாரியில் பூட்டினால் அதற்குப் பேர் ஆராய்ச்சி இல்லை, கொள்ளை. கதையைக் கொடுத்த குடும்பத்துக்கு அதிலிருந்து ஒரு பிஸ்கட்கூடத் திரும்பி வரவில்லை.

ஆகவே மூன்று விஷயம் கேட்கிறேன். குழந்தை நலப் பிரிவு இருக்கிற ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும், இப்படிக் கேட்கப் பயிற்சி பெற்ற ஓர் ஆளைப் போடுங்கள். அவர் மருந்து எழுதிக் கொடுக்கிற ஆளாக இருக்கக் கூடாது. வீட்டுக்குப் போய், தமிழில், தனியாக உட்கார்ந்து கேட்கட்டும். கேட்டது என்ன ஆச்சு என்று அந்தக் குடும்பத்துக்கும், பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கும் எழுதிப் போடுங்கள். குழந்தைகளுக்கு எந்தத் திட்டம் தீட்டினாலும், இந்த வீடுகளில் கேட்டது என்ன என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டுப் பிறகு கோடிகளைப் பற்றிப் பேசுங்கள்.

முப்பது பேரைக் கேட்டால் போதுமா என்று நியாயம் பேசுகிற பெரிய மனிதர்களே, கடைசியாகத் திட்டம் போட்டீர்களே, அதற்கு முன்னால் மூன்று அம்மாக்களையாவது கேட்டீர்களா?