படித்துக் காட்டாதீர்கள், படிக்க விடுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். போனில் எழுத்து சிறிதாகத் தெரிந்தால் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். இன்று சொல்ல வந்ததே அதைப் பற்றித்தான்.

என் அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். மதியம் தூக்குவாளியில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். இப்போது 87 வயது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனாலும் காலையில் பேப்பர் வந்தால் வரி விளம்பரம் வரை விடமாட்டார். இரண்டு வருடத்துக்கு முன்பு அந்தப் பழக்கம் மெல்ல நின்றது. “என்னம்மா, பேப்பர் பிரிக்காமலே கிடக்கு?” என்று கேட்டால், “என்னத்தப் போட்டிருக்கப் போறான், கொலையும் கொள்ளையும்தான்” என்பார். வயதாகிவிட்டது, ஆர்வம் குறைந்துவிட்டது என்று நானும் தம்பியும் முடிவு கட்டிவிட்டோம்.

போன வருடம் ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். அம்மா வியர்த்துக் கொட்டி, கை நடுங்க, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிரஷர் மாத்திரை என்று நினைத்து, சர்க்கரை மாத்திரையையே இரண்டாவது தடவையும் போட்டிருக்கிறார். இரண்டு அட்டையும் ஒரே வெள்ளி நிறம், ஒரே அளவு. “எழுத்து தெரியலையாம்மா?” என்றேன். “ரெண்டு வருசமாவே தெரியல. சொன்னா ஆபரேசன், அது இதுன்னு அலைவீங்க. உங்களுக்கு எதுக்குச் செலவுன்னு இருந்துட்டேன்” என்றார்.

கரும்பலகை தெரியாமல் கண்ணைச் சுருக்கும் பிள்ளையை ஒரே நாளில் கண்டுபிடித்து முன் பெஞ்சுக்கு மாற்றியவள் நான். என் வீட்டில், என் கண் முன்னால், அம்மா இரண்டு வருடம் படிக்காமல் இருந்தது எனக்குத் தெரியவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. உங்களில் ஒருவர் வீட்டிலாவது இது நடக்காமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாற்பது வயதைத் தாண்டினால் கண்ணில் உள்ள லென்ஸ் வளைந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது. கிட்டத்து எழுத்து மங்குகிறது. இதைத்தான் வெள்ளெழுத்து, சாளேஸ்வரம் என்கிறோம். இது எல்லோருக்கும் வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெட்டுவிடும் என்பதும் வெறும் பேச்சு. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயது கடந்த தொழிலாளர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2018ல் வெளியானது. கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி பெற்றவர்களின் கொழுந்து பறிக்கும் திறன், பெறாதவர்களைவிட சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்ததாம். ஒரு சாதாரணக் கண்ணாடி கூலிக்காரரின் வருமானத்தையே தொடுகிறது என்றால், இதை வயசான காலத்துச் சின்னத் தொந்தரவு என்று தள்ளிவிட முடியுமா?

அம்மாவுக்கு வந்தது வெறும் சாளேஸ்வரம் இல்லை. கண்புரை ஆபரேஷன் முன்பே ஆகிவிட்டது. இப்போது விழித்திரையின் நடுப்பகுதி வயதால் தேய்ந்திருக்கிறது, கண்ணாடியை மாற்றினால் மட்டும் போதாது என்றார் மருத்துவர். அதற்குள் தம்பி கடைத்தெருவில் தட்டு அளவுக்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வந்திருந்தான். அம்மா இரண்டு நாள் முயன்றுவிட்டு அதை அலமாரியில் வைத்துவிட்டார். ஏன் என்று லோ விஷன் பிரிவில் இருந்த பெண் சொன்னபோதுதான் நான் நடத்திய பாடமே எனக்கு நினைவுக்கு வந்தது.

உங்களுக்கு நினைவிருக்கிறதா? மைதானத்தில் லென்ஸைப் பிடித்து, வெயிலைக் குவித்துக் காகிதத்தைக் கருக்கினோமே. ஒளி ஒரு புள்ளியாகக் குவியும் அந்தத் தூரம்தான் குவியத் தூரம். படிக்கும்போது லென்ஸைக் காகிதத்திலிருந்து ஏறக்குறைய அந்தத் தூரத்தில் பிடிக்க வேண்டும். குவியத் தூரம் 10 செ.மீ. உள்ள லென்ஸ் சுமார் இரண்டரை மடங்கு பெரிதாக்கும். அதைவிட அதிகம் பெரிதாக்க வேண்டுமானால் தூரம் இன்னும் குறையும், லென்ஸும் சிறியதாகவே இருக்கும். பெரிய லென்ஸ் என்றால் அதிகம் பெரிதாக்கும் என்று நாம் நினைப்பது தலைகீழ். இன்னொன்று: லென்ஸைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்து, அதே தூரத்தில் காகிதத்தையும் நெருக்கினால், ஒரே பார்வையில் அதிக எழுத்துகள் தெரியும்.

அம்மாவுக்குக் கை நடுங்கும். அதனால் காகிதத்தின் மேலேயே வைத்து நகர்த்தும், உள்ளே விளக்கு எரிகிற லென்ஸ் ஒன்றைக் கொடுத்தார்கள். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதைப் பயன்படுத்த வேண்டும். பழக மூன்று வாரம் ஆனது. முதல் நாள் இரண்டு வரி. இப்போது தலைப்புச் செய்திகளை முடித்துவிட்டு, இறந்தவர்கள் விளம்பரத்தில் தெரிந்தவர் யாரும் உண்டா என்று தேடுகிறார்.

லென்ஸுக்கு இணையாக வெளிச்சமும் முக்கியம். வயதானால் கண்ணின் பாவை சிறுத்து, லென்ஸ் பழுப்பேறி, உள்ளே போகும் ஒளி குறைகிறது. நமக்குப் போதுமான விளக்கு அவர்களுக்குப் போதாது. பக்கவாட்டிலிருந்து, எழுத்தின் மேல் விழும்படி ஒரு மேசை விளக்கு வையுங்கள். ஆனால் லென்ஸை ஜன்னலோரம் வெயில் படும்படி விட்டுவிடாதீர்கள். மைதானத்தில் காகிதத்துக்கு நடந்தது ஜன்னல் துணிக்கும் நடக்கும்.

லென்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டோம், கடமை முடிந்தது என்றும் இருக்கக்கூடாது. கண்புரை, கண் நீர் அழுத்தம், சர்க்கரையால் வரும் விழித்திரைக் கோளாறு எல்லாம் முதலில் சத்தமில்லாமல்தான் வரும். முதலில் மருத்துவர், பிறகு லென்ஸ். சர்க்கரை உள்ளவர்களுக்கு வருடம் ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். நேர்க்கோடு வளைந்து தெரிகிறது என்று பெரியவர்கள் சொன்னால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

“குடுங்க ஆச்சி, நான் படிச்சுச் சொல்றேன்” என்று என் பேரன் அன்பாகத்தான் சொல்கிறான். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பகலில் அவன் கல்லூரியில் இருப்பான், மாத்திரை நேரம் அவனுக்காகக் காத்திருக்காது. தவிர, தனக்கு வந்த கடிதத்தையும், தான் கையெழுத்துப் போடும் வங்கித் தாளையும் இன்னொருவர் வாயால் மட்டுமே அறிந்துகொள்வது ஒரு மனிதருக்கு எவ்வளவு சங்கடம்! நாம் படித்துக் காட்டுவது உதவி. அவர்களே படிக்க வழி செய்வது மரியாதை. இரண்டில் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என்னிடம் படித்தவர்களில் வங்கியில், தபால் நிலையத்தில், மருந்துக்கடையில் இருப்பவர்கள் உண்டு. உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். கவுண்டரில் பேனாவை நூல் கட்டி வைக்கிறீர்கள். பக்கத்தில் ஒரு லென்ஸையும் கட்டி வையுங்கள். மருந்துக்கடைக்காரர்களே, மாத்திரை உறையின் மேல் “காலை”, “இரவு” என்று பட்டை மார்க்கரில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். அரை நிமிட வேலைதான்.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் அப்பா, அம்மா, ஆச்சி, தாத்தா கையில் ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்து, பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். “கண்ணு தெரியுதா?” என்று கேட்காதீர்கள், தெரியுது என்றுதான் சொல்வார்கள். அவர்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அட்டையை போட்டோ எடுத்து, விரலால் விரித்துப் பார்க்கவும் கற்றுக்கொடுங்கள்.

என்ன நடந்தது என்று கீழே எழுதுங்கள். அம்மாவுக்கும் காட்டுவேன். லென்ஸை வைத்து அவரே படிப்பார்.

அன்புடன்,
உங்கள் அஞ்சாம் வகுப்பு டீச்சர்