ஓடைவழிப் போய், ரயில்தடம்வழித் திரும்பல்

காட்டாற்றில் துடுப்புப் படகு செலுத்துவோர்க்கு ஒரு பழைய சிக்கல் உண்டு. நீர் அவர்களைக் கீழே கொண்டுபோய் விட்டுவிடும்; திரும்பக் கொண்டுவராது. ஆகவே இரண்டு கார்களில் புறப்பட்டு, ஒன்றைக் கரையேறும் இடத்தில் நிறுத்தி வைப்பார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பைன் கிரீக் என்னும் ஓடையில், இரண்டாவது காருக்குப் பதில் மிதிவண்டியைப் பூட்டிவைத்துச் செல்வோரும் உண்டு. ஆன்சோனியாவில் படகிறக்கிச் சுமார் 27 கிலோமீட்டர் கீழே பிளாக்வெல்லில் கரையேறி, கரையோரத்து ரயில்தடத்தில் மிதித்து மேலே திரும்புகிறார்கள். இதைச் சிக்கனம் என்பார்கள் சிலர். ஒரு நாளில் இரண்டு உல்லாசம் என்பார்கள் வேறு சிலர். அந்தப் பள்ளத்தாக்கை அறிய இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பது என் கட்சி.

புறநானூற்றின் 192ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார் உயிருக்கு உவமையாகச் சொன்ன புணை நம் எல்லோர்க்கும் தெரியும். அந்தப் புணை திரும்புவதைப் பற்றிப் பாட்டில் பேச்சில்லை. பைன் கிரீக்கிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெய்யாகவே புணைகள் சென்றன. மலையில் வெட்டிய பைன் மரங்களைப் பிணைத்து, பனியுருகும் வேனிற்கால வெள்ளத்தில் விடுவார்கள். புணையே சரக்கு, சேருமிடத்தில் அது பிரிக்கப்பட்டு மரமாக விலைபோகும். ஓட்டிவந்தவன் வெறுங்கையோடு, ரயில் வருமுன் பெரும்பாலும் கால்நடையாகவே, மலைக்குத் திரும்ப வேண்டும். 1883இல் இந்தப் பள்ளத்தாக்கில் ரயில் வந்தது. மரத்தை இறக்கும் வேலையையும் அது மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டது. காடு மொட்டையான பிறகும் ஓடியது; கடைசிச் சரக்கு வண்டி 1988இல் சென்றது. பிறகு தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, 1996இல் தடத்தின் முதற்பகுதி மிதிவண்டிக்குத் திறக்கப்பட்டது. இன்று அதன் நீளம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர்.

ஆக, இறங்குவது புணைக்காரன் வழியில். ஏறுவது அவன் பிழைப்பைப் பறித்த எஞ்சினின் வழியில். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால்தான் அது ஓடையின் கூடவே வளைந்து வளைந்து சென்றது. படகில் சோர்ந்த உடம்பும் மிதித்து ஏறக்கூடிய மென்சரிவு அப்படி வாய்த்ததுதான். ஒவாசி என்னும் வெண்ணுரைப் பகுதியில் பாறைகளுக்கிடையே வழி தேடியவனுக்கு, தடத்தின் அந்தச் சலிப்பூட்டும் சீர்மை யாருடைய உழைப்பு என்று விளங்கும். மிதிவண்டியில் மட்டும் வருவோர்க்கு ஓடை வெறும் காட்சி. படகில் மட்டும் போவோர்க்கோ தடம் கண்ணிலேயே படாது.

இதைச் சொல்லும்போது ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஏப்ரல் மாத நீர் கொடுங்குளிர். மிதவை உடுப்பின்றி இறங்குவது வீரமன்று. நனைந்த துணியோடு மிதிவண்டி ஏறுவதும் மடமை. மாற்றுடையை வண்டியோடு சேர்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும்.

இரண்டும் சேர்ந்து வாய்ப்பது வேனிலில், அதுவும் நீர்வரத்துள்ள சில வாரங்களில் மட்டுமே. ஜூலையில் பெரும்பாலும் ஓடை வற்றிக் கல் தெரியும். அப்போது வருவோர்க்கு எஞ்சியிருப்பது எஞ்சினின் வழி மட்டுமே.