பையில் என்ன எடுத்துக்கொள்வாய்?

"பாதிப் பக்கம் காலியா இருக்கே மிஸ்!"

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் முதல் விமர்சனம் இதுதான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தான்ஹா லாய் எழுதிய 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகைன்' நாவல் முழுக்கக் கவிதை வடிவில் இருக்கும். ஒரு வரிக்கு நாலைந்து வார்த்தைகள்தான். புத்தகம் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள்கூட நான்கே நாளில் முடித்துவிடுகிறார்கள். நியூஜெர்சியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கதை 1975-ல் சைகோனில் தொடங்குகிறது. ஹா என்ற பத்து வயதுப் பெண். அம்மா, மூன்று அண்ணன்கள், கொல்லையில் அவளே விதை போட்டு வளர்த்த ஒரு பப்பாளி மரம். கடற்படையில் இருந்த அப்பா காணாமல் போய் ஒன்பது வருடம் ஆகிறது. பழம் முழுசாகப் பழுப்பதற்குள் நகரம் விழப்போகிறது, குடும்பம் கப்பலேறுகிறது. குவாம் முகாம், ஃப்ளோரிடா முகாம், கடைசியில் அலபாமாவில் ஒரு வீடு. லாயும் சைகோனில் பிறந்து, பத்து வயதில் அலபாமா வந்து சேர்ந்தவர்தான். 2011-ல் இந்த நாவலுக்கு அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது கிடைத்தது.

கிளம்பும்போது ஆளுக்கொரு பை. அதில் அவரவர் விருப்பத்துக்கு ஒரே ஒரு பொருள் வைத்துக்கொள்ளலாம். ஹா எடுத்துக்கொள்வது எலி கடித்த ஒரு பொம்மை.

இந்த இடத்தில்தான் நான் சறுக்கினேன். "பத்து நிமிஷத்தில் வீட்டை விட்டுக் கிளம்பணும். உங்க பையில என்ன வைப்பீங்க? எழுதுங்க" என்றேன். இந்த நாவலை நடத்தும் ஆசிரியர்கள் பலர் செய்கிற பயிற்சிதான் இது. வகுப்பு களைகட்டியது. போன், சார்ஜர், வீடியோ கேம், நாய்க்குட்டி... "நாய் பைக்குள்ள அடங்குமா?" என்று ஒரு பட்டிமன்றமே நடந்தது. தாள்களை வாங்கிப் பார்த்தேன். ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தது.

அது, 2021 ஆகஸ்டில் காபூலிலிருந்து குடும்பத்தோடு கிளம்பி வந்த ஒரு சிறுமியுடையது. மணி அடித்து எல்லோரும் போன பிறகு மேஜையருகே வந்து நின்றாள். கோபமெல்லாம் இல்லை. ஏதோ விவரம் சொல்கிற குரலில் சொன்னாள்: "மிஸ், நாங்க பை எடுத்துக்கிட்டுதான் கிளம்பினோம். ஏர்போர்ட் வாசல்ல கூட்டத்துல அப்பா அதைக் கீழே போடச் சொல்லிட்டார். தம்பியைத் தூக்கணும்ல."

அன்று வீட்டுக்கு வந்து சமையலே ஓடவில்லை. அவளுக்கு நடந்ததை மற்ற இருபத்து மூன்று பேருக்கும் ஒரு விளையாட்டாக்கிக் கொடுத்திருக்கிறேன்! அந்தப் பயிற்சியை அன்றோடு விட்டுவிட்டேன்.

அதே வாரம் ஒரு அம்மாவிடமிருந்து மின்னஞ்சல். "பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு சோகம் தேவையா?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்குச் சோகத்தைப் பார்த்துப் பயமில்லை, 'பாவம்' என்ற சொல்லைப் பார்த்துத்தான் பயம். பாவம் என்று சொல்லிவிட்டால் அவள் வேறு, நாம் வேறு என்று ஆகிவிடுகிறது. நாவலிலேயே ஓர் ஆசிரியை வியட்நாமைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு போர்ப் படங்களாகக் காட்டுவார். பப்பாளியையும் புத்தாண்டையும் காட்டக் கூடாதா என்று ஹாவுக்கு எரிச்சலாக வரும். படிக்கிற ஆசிரியைக்கும் அங்கே ஒரு குட்டு உண்டு.

நாவலில் எனக்குப் பிடித்த கட்டம் இன்னொன்று. அலபாமாப் பள்ளியில் ஹா ஏ, பி, சி, டி சொல்வாள், இருபதுவரை எண்ணுவாள். உடனே வகுப்பே கைதட்டும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பின்னக் கணக்கும், ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் முறையும் தெரிந்த பெண் அவள். அதைச் சொல்ல ஆங்கிலம்தான் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும் தமிழில் பேச ஆரம்பித்தேன். ஒரு வார்த்தை ஆங்கிலம் கிடையாது. "பன்னிரண்டில் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு?" மௌனம். பலகையில் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எழுதி, திருப்பிச் சொல்ல வைத்தேன். 'மூன்று' அவர்கள் வாயில் படாதபாடு பட்டது. ஒவ்வொருவர் சொன்னதும் பலமாகக் கைதட்டினேன். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பு. பத்தாவது நிமிடம் நெளிந்தார்கள். பதினைந்தாவது நிமிடம், எப்போதும் கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கும் பையன் பொறுக்க முடியாமல் வெடித்தான்: "எனக்குக் கணக்கு தெரியும்! நீங்க என்ன கேட்கறீங்கன்னுதான் தெரியலை!"

காபூல் பெண் திரும்பி அவனைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கடைசி வாரம் கடையில் உலர்ந்த பப்பாளி வாங்கிப் போனேன். (எங்கள் பள்ளியில் ஒரு துண்டு தின்பண்டம் கொடுக்கவும் ஒவ்வாமைப் படிவம் வேண்டும். கல்யாணப் பத்திரிகைகூட அத்தனை சுலபமாக அச்சடித்துவிடலாம்!) கதையில் ஹாவுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக வருவது அதுதான். சர்க்கரைப் பாகில் ஊறிக் காய்ந்த அது, அவள் மரத்துப் பழம்போல இல்லை என்று குப்பையில் வீசிவிடுவாள். எங்கள் பிள்ளைகளோ இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

"எங்க ஊர்லயும் பழம் காய வைப்போம்" என்றாள் அந்தப் பெண், யாரும் கேட்காமலே. மறுவாரம் அவள் அம்மா கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் காய்ந்த முசுக்கொட்டைப் பழங்கள். அதற்கும் படிவம் வாங்கினேன்.

"இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டான் கணக்குப் பையன்.

"தூத்."

"டூட்?"

"தூத்."

"டூத்?"

நாலாவது முறை சரியாக வந்தது. உடனே அவள் எழுந்து நின்று, சிரிக்காமல், பலமாகக் கைதட்டினாள்.