மறந்த வலிமையை நினைவூட்டிய முதியவர்

இராமநாதபுரத்துக்குத் தெற்கே திருப்புல்லாணியில் ஆதி ஜகந்நாதப் பெருமாளையும் தர்ப்பசயன இராமபிரானையும் சேவித்துவிட்டுச் சேதுக்கரைக்குச் செல்லும் அடியார்கள், அங்கே கடலை நோக்கியவாறு எழுந்தருளியிருக்கும் ஆஞ்சநேயரை வணங்குவார்கள். கடலில் நீராடி, முன்னோர்க்குரிய கடன்களைச் செய்து, அந்தச் சந்நிதியில் நிற்கும்போது, நூறு யோசனைக் கடலை ஒரே தாவலில் கடந்த மாவீரனே எல்லோர் நினைவிலும் எழுகிறான். தாவுவதற்குச் சற்று முன்புவரை அதே வீரன் ஒருபுறமாக ஒதுங்கி, வாய் திறவாமல் அமர்ந்திருந்தான் என்பது பலருக்கு நினைவில் நிற்பதில்லை.

அந்தக் காட்சியை வால்மீகி முனிவர் கிஷ்கிந்தா காண்டத்தின் இறுதியில் விரிவாகக் காட்டுகிறார். சீதாபிராட்டியைத் தேடத் தென்திசைக்குச் சென்ற வானரக் குழுவுக்கு இளவரசன் அங்கதன் தலைவன். சுக்ரீவன் அவர்களுக்கு ஒரு மாதத் தவணை கொடுத்திருந்தான். ஸ்வயம்பிரபையின் குகையிலிருந்து வெளியே வந்தபோது தவணை கடந்துவிட்டது. எதிரே கடல், பின்னே அரசனின் தண்டனை. தலைவனே முதலில் மனம் உடைந்தான். வெறுங்கையுடன் திரும்புவதைவிட உண்ணாமல் உயிர் துறப்பதே மேல் என்றான். குகைக்குள்ளேயே ஒளிந்து வாழலாம் என்றான் தாரன் என்னும் வானரன். அதை மறுத்து, குழு சிதறாமல் காக்க முயன்றவன் அனுமன். ஆயினும் சோர்வே வென்றது. எல்லோரும் தர்ப்பையைப் பரப்பி, உயிர் விடும் உறுதியோடு அமர்ந்துவிட்டார்கள்.

அவர்களுடைய புலம்பலில் ஜடாயுவின் பெயர் வந்ததைக் கேட்டே சம்பாதி வெளிப்பட்டு, பிராட்டி இலங்கையில் இருக்கிறாள் என்ற செய்தியைச் சொன்னான். செய்தி கிடைத்தது. ஆனால் கடல் அப்படியே இருந்தது. கலக்கமும் மீண்டும் வந்தது.

மாதத் தவணை, எட்டாத இலக்கு, மனம் தளர்ந்த தலைவன், ஒருவர் சோர்வு மற்றவரைத் தொற்றும் குழு. இவை யுகங்களுக்கு முன்பு நடந்தவை மட்டும் என்று எண்ண வேண்டியதில்லை. வீடு வீடாகச் சென்று பொருள் விற்கும் குழுக்களில் மாதக் கடைசியில் இதே காட்சியைக் காணலாம். 1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் இன்று கடலோரச் சிற்றூர்களிலும் வேரூன்றியிருக்கிறது. 1992இல் நபார்டு வங்கி தொடங்கிய இணைப்புத் திட்டத்தால் இக்குழுக்களுக்கு வங்கிக் கடனும் கிட்டியது. சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி, பனையோலைப் பெட்டி, இராமேசுவரத்தின் சங்கு, கிளிஞ்சல் அலங்காரப் பொருள்கள், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் என இம்மண்ணில் விளைவனவும் இங்குள்ளோர் கைவினையில் உருவாவனவும் ஏராளம். விளைவித்தும் செய்தும் முடித்த பின்பு அவற்றை ஒருவர் வாசலில் நின்று விற்க வேண்டும். அங்கேதான் பலருக்கு நா எழுவதில்லை.

நாலு வீட்டில் ‘வேண்டாம்’ என்று கதவைச் சாத்தினால் ஐந்தாவது வீட்டின் மணியை அழுத்தக் கை தயங்குகிறது. ‘பொருள் வேண்டாம்’ என்று அவர்கள் சொன்னதை, ‘நீ வேண்டாம்’ என்று மனம் மொழிபெயர்த்துக்கொள்கிறது. மாலையில் வீடு திரும்பினால், ‘படித்துவிட்டு வாசல் வாசலாக ஏறி இறங்குவதா?’ ‘உனக்கு இதெல்லாம் வருமா?’ என்ற சொற்கள் காத்திருக்கின்றன. மறுநாள் குழுக் கூட்டத்தில் ஒருத்தி ‘இது நமக்கு ஒத்துவராது’ என்றால் மற்றவர்களும் தலையசைக்கிறார்கள்.

ஆனால் எல்லா ஐயத்தையும் தீயது என்று ஒதுக்கிவிடலாகாது. அந்தக் கடற்கரையிலேயே ஐயம் மூன்று வகையாக வெளிப்பட்டது.

செல்லும் வழி சரியானதா என்று கேட்பது முதல் வகை. குகைக்குள் ஒளிந்து வாழலாம் என்ற யோசனையை அனுமன் ஏற்கவில்லை. அது கேட்க இனிமையாக இருந்தபோதும் அதன் கேட்டை எடுத்துரைத்தான். இன்றும் நேரடி விற்பனை என்ற பெயரில் வரும் சில திட்டங்களைப் பற்றி இந்த ஐயம் எழவே வேண்டும். சேருவதற்கே பெருந்தொகை கட்டச் சொன்னால், பொருளை விற்பதைவிட ஆளைச் சேர்ப்பதற்கே அதிகப் பணம் என்றால், அந்த வாசலில் நின்றுவிடுவதே நல்லது. பணச் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு முறையைத் தடுக்கின்றன. அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் ஒருவர் வீட்டுக்கு விற்கச் செல்லக் கூடாது என்றும் அவ்விதிகள் சொல்கின்றன. இத்தகைய இடங்களில் ‘எதிர்மறையாகப் பேசாதே’ என்று ஒருவர் வாயை அடைப்பது ஊக்கமாகாது. அது வலை வீசுவது. வீட்டுப் பெரியவர்களின் எச்சரிக்கை இங்கே மிகவும் தேவை.

தன் அளவை உள்ளபடி சொல்வது இரண்டாம் வகை. யார் எவ்வளவு தூரம் தாவ முடியும் என்று அங்கதன் கேட்டபோது, கஜன் பத்து யோசனை என்றான். கவாக்ஷன் இருபது என்றான். மைந்தன் அறுபது, துவிவிதன் எழுபது, சுஷேணன் எண்பது என்று சொன்னார்கள். ஜாம்பவான், திரிவிக்கிரம அவதாரத்தின்போது 21 முறை பூமியை வலம் வந்த தமக்கு இப்போது முதுமையால் தொண்ணூறு யோசனையே இயலும் என்றார். அங்கதன், நூறு யோசனை போய்விடுவேன், திரும்புவேனா என்பது ஐயம் என்றான். எவரும் வீரம் பேசவில்லை. எவரும் மற்றவரை எள்ளவும் இல்லை. பத்து என்றவனைக் குழு விலக்கிவிடவில்லை. இவ்வளவுதான் என்னால் முடியும் என்று நாணாமல் சொல்லக்கூடிய குழுவே நிலைக்கும்.

மூன்றாம் வகைதான் நோய். தன்னிடம் இருப்பதையே மறந்து அமர்ந்திருப்பது. மற்றவர்களுடைய சோர்வைக் கண்டித்த அனுமன், தன்னைப் பற்றிய கேள்வி வந்தபோது மௌனமாகிவிட்டான். இளமையில் முனிவர்கள் இட்ட சாபத்தால், பிறர் நினைவூட்டும் வரை தன் வலிமையை அவன் அறியமாட்டான் என்று உத்தர காண்டம் காரணம் சொல்கிறது. பிறருக்குத் தைரியம் சொல்பவர்கள் தமக்கென்று வரும்போது சொல்லிழந்து நிற்பதை எந்த வீட்டிலும் காணலாம்.

அந்த மௌனத்தைக் கவனித்தவர் குழுவிலேயே மிக மூத்தவரான ஜாம்பவான். அவர் ‘பயப்படாதே’ என்று பொதுப்படச் சொல்லவில்லை. அஞ்சனையின் வயிற்றில் வாயுவின் அருளால் பிறந்த வரலாற்றைச் சொன்னார். குழந்தைப் பருவத்தில் உதயசூரியனைக் கனியென்று எண்ணி வானில் எழும்பியதை எடுத்துச் சொன்னார். இந்திரனின் வஜ்ராயுதம் தாக்கிக் கீழே விழுந்ததையும் மறைக்கவில்லை. அந்த அடியால் தாடை முறிந்ததனாலேயே அனுமன் என்ற பெயர் வந்தது. அந்த வீழ்ச்சிக்குப் பின்பே தேவர்களின் வரங்களும் வந்தன. நடந்ததைத் தாவலோடும் வீழ்ச்சியோடும் சேர்த்து நினைவூட்டியதால்தான் அந்தச் சொல்லை அனுமனால் நம்ப முடிந்தது. வெறும் புகழ்ச்சியாக இருந்திருந்தால் நெஞ்சில் இறங்கியிராது.

இதே கடற்கரையில் நம் காலத்திலும் ஒரு சான்று உண்டு. 1931ஆம் ஆண்டு இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சிறுவனாக இருந்தபோது, இராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் சென்றது. பத்திரிகைக் கட்டுகள் ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்டன. பத்திரிகை விநியோகம் செய்த உறவினர் சம்சுதீனுக்குத் துணையாக அவற்றைச் சேகரித்தார் கலாம். உழைத்துப் பெற்ற அந்த முதல் கூலியின் பெருமிதத்தை ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார். பின்னர் இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் கூச்சமுள்ள மாணவராக நின்றபோது, ஆசிரியர் ஐயாதுரை சாலமன் அவருக்குத் தன் மதிப்பை உணர்த்தினார். விமானப்படைத் தேர்வில் 25 பேரில் எட்டுப் பேர் மட்டும் தேவைப்பட, ஒன்பதாமவராக வந்து மனம் உடைந்த கலாம் ரிஷிகேசம் சென்றார். அங்கே சுவாமி சிவானந்தர், விதி அவருக்கு வேறொரு பணி வைத்திருக்கிறது என்று தேற்றி அனுப்பினார். ஊரும் மதமும் வேறுபட்ட அந்த இருவரும் அந்த இளைஞருக்கு ஜாம்பவானாக அமைந்தார்கள்.

விற்பனைக் குழுவுக்கும் இப்படி ஒரு ஜாம்பவான் தேவை. அது பெரும்பாலும் குழுவின் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. ‘நான் எதையும் சாதிக்கவில்லை’ என்று மனம் சொல்லும். சென்ற தைக்கு விற்ற கருப்பட்டி இத்தனை கிலோ, திருப்பிச் செலுத்திய கடன் தவணை இத்தனை, மீண்டும் கேட்டு வாங்கிய வீடுகள் இத்தனை என்று பதிவேடு சொல்லும். ஆடியில் விற்பனை படுத்ததும் அதிலேயே இருக்கும். அதன் பின் மீண்டதும் இருக்கும். கூட்டத்தின் தொடக்கத்தில் யாராவது அந்தப் பக்கங்களை உரக்க வாசித்தால் போதும். பாதி இருள் விலகிவிடும். வாசிப்பவர் மூத்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

ஜாம்பவான் செய்த இன்னொன்றும் உண்டு. அனுமன் புறப்படும்போது, ‘நீ திரும்பி வரும்வரை நாங்கள் ஒற்றைக் காலில் நின்று காத்திருப்போம்’ என்ற பொருளில் வாக்களித்தார். தாம் செல்ல இயலாத பெரியவர்கள் செய்யக்கூடிய பணி அது. காலையில் மருமகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது பேரனைப் பார்த்துக்கொள்வதும், மாலையில் ‘எத்தனை விற்றது?’ என்று கேட்பதற்கு முன்பு ஒரு டம்ளர் மோர் கொடுப்பதும் ஒற்றைக் காலில் நிற்பதற்குச் சமம்தான்.

இலங்கையில் எங்கு தேடியும் பிராட்டியைக் காணாதபோது அனுமனுக்கே மீண்டும் மனம் தளர்ந்தது. அப்போது அவன் பற்றிக்கொண்ட சொல் ‘அநிர்வேதம்’, அதாவது மனம் சலித்துவிடாமை. ஒருமுறை நினைவூட்டினால் ஆயுளுக்கும் போதும் என்பதில்லை. தளரும்போதெல்லாம் நினைவு தேவைப்படுகிறது.

பல இல்லங்களில் சுந்தர காண்டப் பாராயணம் வழக்கத்தில் இருக்கிறது. அடுத்த முறை தொடங்குவதற்கு முன்பு, அதற்கு முந்தைய கிஷ்கிந்தா காண்டத்தின் இறுதி மூன்று சர்க்கங்களையும் பெரியவர்கள் ஒருமுறை வாசித்து விடலாம். வாசித்து முடித்தபின், வீட்டில் சோர்ந்திருக்கும் மகனையோ மகளையோ மருமகளையோ அருகே அழைத்து, அவர்கள் முன்பு மெய்யாகவே செய்து முடித்த ஒரு காரியத்தை, நாளும் இடமும் சொல்லி நினைவூட்டலாம். அனுமன் கடல் தாண்டக் காரணமான சொல் ஒரு முதியவரின் வாயிலிருந்தே பிறந்தது.