42-ல் 17 போனால் 35-ஆ? லீவு முடிந்து வந்த பிள்ளைக்கு தீக்குச்சிக் கட்டு ஏன் தேவை?

ஏப்ரலில் சரியாகக் கணக்குப் போட்ட பிள்ளை, கோடை விடுமுறை முடிந்து வந்ததும் 42-ல் 17-ஐக் கழித்து 35 என்று எழுதுகிறது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இது ரொம்பப் பழகிய விடை.

35 எங்கிருந்து வந்தது?

2-ல் 7 போகாது. அதனால் பிள்ளை அப்படியே திருப்பிப்போட்டு 7-ல் 2-ஐக் கழித்துவிடுகிறது: 5. பிறகு 4-ல் 1 போனால் 3. கவனக்குறைவு இல்லீங்க இது. 'கடன் வாங்கிக் கழித்தல்' என்பது வெறும் விதியாக மனப்பாடம் ஆகியிருந்தது, லீவில் மறந்துபோச்சு. (வாங்கின கடனை ஏன் திருப்பிக் கொடுக்கலைன்னு நாமும் சின்ன வயசில் கேட்டதில்லை!)

இப்போது அதே பிள்ளையிடம் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட 4 தீக்குச்சிக் கட்டுகளும், 2 உதிரிக் குச்சிகளும் கொடுத்து 17 குச்சி கேளுங்கள். உதிரியாக 7 இல்லை. ஒரு கட்டைப் பிரித்தால்தான் முடியும். பிரித்ததும் உதிரி 12. அதில் 7 எடுத்தால் மீதி 5. மிச்சமுள்ள 3 கட்டில் ஒன்றைக் கொடுத்தால் 2 கட்டு. விடை 25. கடன் என்ற பேச்சே இல்லை, கட்டைப் பிரித்தோம், அவ்ளோதான்.

ஆசிரியருக்கும் இதில் லாபம் உண்டு. நோட்டில் தப்பான விடை மட்டும்தான் தெரியும். குச்சியைப் பிரிக்கும்போது பிள்ளை எந்த இடத்தில் முழிக்கிறது என்பது தெரிந்துவிடும். பள்ளி திறந்த முதல் வாரத்தில் அதுதான் தேவை.

தமிழ்நாட்டுக்கு இது புதுசா?

இல்லை. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி முறையைப் பார்த்து, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அட்டைகள், கற்றல் ஏணி, குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை என்று பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது.

அடுத்து வந்தது கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. அந்த இழப்பைச் சரிசெய்ய 2022 ஜூனில் வந்ததுதான் 'எண்ணும் எழுத்தும்'. முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை, பிறகு 4, 5-ம் வகுப்புகளுக்கும். எந்த வகுப்பு என்பதோடு, பிள்ளை கற்றலில் எங்கே நிற்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கிறார்கள். பாட்டு, கதை, பொருட்கள் எல்லாம் பாடத்துக்குள்ளேயே உண்டு.

அப்புறம் என்ன பிரச்னை?

நேரம். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பை இரண்டே பேர் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை கட்டைப் பிரித்து முடிக்கும்வரை காத்திருக்கவே பத்து நிமிஷம் ஆகலாம். இதற்கு நடுவில் மதிப்பீட்டை செல்போன் செயலியில் பதிவேற்ற வேண்டும், நெட்வொர்க் கிடைக்காத ஊர்களில் அதுவே தனி வேலை. கற்பிக்கும் நேரம் இதில் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் குரல் கொடுத்ததும் இதனால்தான். முறை நல்லதா என்ற விவாதத்தைவிட, அதற்கு ஆளும் நேரமும் தருகிறோமா என்பதே இங்கே முக்கியமான கேள்வி.

உங்கள் வீட்டில் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இன்று ராத்திரியே பார்க்கலாம். தீக்குச்சி வேண்டாம் என்றால் தென்னை ஈர்க்குச்சி போதும். 42 குச்சி கொடுங்கள், 17 கேளுங்கள். கட்டை எப்போது பிரிக்கிறது என்று மட்டும் கவனியுங்கள், நீங்கள் பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள்.